பாகு அறையின் சாவி

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியவள். நாலு பேர் நான் பெற்றவர்கள். ஒருத்தி என் கொழுந்தன் மகள், தாயில்லாமல் என் கைக்கு வந்தவள். ஐந்து பேரும் இன்றைக்கு அவரவர் சோற்றை அவரவர் சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் பத்திரிகையில் நான் சொல்லி வந்ததைப் படித்துவிட்டு, இங்கே ரூவியில் மளிகைக்கடை வைத்திருப்பவர் என் மகனிடம், “உங்கம்மாவுக்கு என்ன வயசு? இவ்வளவு ஞாபகமா?” என்று கேட்டாராம். கேட்டவருக்குப் பதில் சொல்லியாயிற்று.

இந்த வாரம் ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு ஆளின் பேரில் ஒட்டிக்கொண்டதைத் துடைக்கவேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு வேகமாகச் சொல்லவும் வராது.

கதவுக்கு முன்னால்

அன்றைக்குக் காலையில் காற்றே இல்லை. ஓமானில் பர்கா பக்கம் இருக்கிற இந்தத் தோட்டத்தில் ஆவணி மாதம் அப்படித்தான். விடிந்ததும் விடியாததுமாக முகத்தில் சூடு அடிக்கும். நான் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருகிறேன், பாகு அறைக் கதவுக்கு முன்னால் மூன்று பேர் நிற்கிறார்கள்.

ஒருவர் காலித். தோட்டத்துச் சொந்தக்காரர், எல்லோருக்கும் விசா கொடுத்திருக்கிற கபீல். இன்னொருவன் என் மகன் அருள். பல வருஷமாக இந்தத் தோட்டத்துக்கு மேற்பார்வை அவன்தான். மூன்றாவது ஆள் செல்வம். புதுக்கோட்டைப் பக்கம். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். பேரீச்சை மரம் ஏறுவதும் குலை இறக்குவதும் மூட்டை அடுக்குவதும் அவன் வேலை. பாகு அறையின் சாவி அவனிடம்தான் இருந்தது.

காலித் கையில் டார்ச் இருந்தது. அறைக்குள் தரையில் பதித்த மண்சாடி ஒன்று உண்டு. பாகு வடிந்து வந்து விழுகிற இடம். அதற்குள் வெளிச்சம் அடித்துக் காட்டினார். அடியில் ஒரு விரற்கடைதான் இருந்தது. போன வருஷம் இதே நேரத்தில் அந்தச் சாடியிலிருந்து அகப்பையால் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

“சாபி தும்ஹாரா பாஸ். திப்ஸ் மாஃபி. கிதர் கயா?” என்றார் செல்வத்தைப் பார்த்து.

இந்தியும் அரபியும் கலந்த பேச்சு. சாவி உன்னிடம், பாகு இல்லை, எங்கே போயிற்று என்கிறார். அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு எந்தப் பாஷையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செல்வம் அருளைப் பார்த்தான். அருள் தரையைப் பார்த்தான்.

“அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. நான் தொடலைண்ணே.”

காலித் கெட்டவரில்லை. சத்தம் போடுகிற ஆளும் இல்லை. மெதுவாக அருளிடம் அரபியில் ஏதோ சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய அம்மா தோட்டத்துக்கு வருகிறாராம். பாகு எங்கே என்று அம்மா கேட்டால் அவரிடம் பதில் இருக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் கலாஸ், அவ்வளவுதான். செல்வத்தின் விசாவை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவாராம்.

மகளுக்குக் காது குத்துவதற்கு லீவு கேட்டு வைத்திருந்தான் செல்வம். லீவில் போவதும் ஊர் போவதுதான், திருடன் என்று விரட்டப்பட்டுப் போவதும் ஊர் போவதுதான். விமானம் ஒன்றுதான். இறங்கிப் போகிற முகம் வேறு.

அடுப்பில்லாத பாகு

அந்த அறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

மண்சுவர், தாழ்ந்த கூரை, ஜன்னல் கிடையாது. தரை மட்டமாக இருக்காது. கரும்பு வயலில் பார் பிடித்த மாதிரி, வரிசையாக மேடும் பள்ளமுமாகச் சாந்தில் பூசி வைத்திருக்கிறார்கள். சாடிப் பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, அந்த மேட்டின்மேல் பேரீச்சம்பழ மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை தொட அடுக்கிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அவ்வளவுதான் வேலை. மேல்மூட்டை கீழ்மூட்டையை நசுக்கும். பழத்திலிருந்து பாகு கசிந்து பள்ளத்தில் இறங்கி, ஓடிவந்து சாடியில் விழும். அதற்குப் பெயர்தான் திப்ஸ். தேனைவிடக் கறுப்பு. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள், பாலில் விடுவார்கள், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள்.

முதல் வருஷம் இதைப் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன்.

“ஏல அருளு, அடுப்பே பத்தவைக்காம இதென்னல பாகு? பச்சையால்லா இருக்கும்.”

“எம்மா, நீ சும்மா இரி. அவாளுக்குத் தெரியாதா?”

நான் சிரித்ததில் நியாயம் உண்டு. எனக்குத் தெரிந்த பாகு வேறு. உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். என் வீட்டுக்காரர் பனையேறி. அவர் இறக்கிவருகிற பதநீரைப் பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ச்சவேண்டும். காய்ந்த ஓலையும் மட்டையும் எரித்து, துடுப்பை விடாமல் கிண்டி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சித்திரை வெயிலில் அந்த அடுப்பு முன்னால் நின்றவளுக்குத்தான் தெரியும். புகையில் கண் வீங்கும். தெறித்த பாகு கையில் ஒட்டினால் தோலோடுதான் வரும். இப்போதும் என் வலது கையில் தழும்பு இருக்கிறது. அந்த வேலைக்குத் திரும்பப் போ என்று யாராவது சொன்னால் போகமாட்டேன். கருப்பட்டியைக் கடையில் வாங்கிச் சாப்பிடுவதுதான் சுகம்.

ஆனால் ஒன்று. தீ இல்லாமல் பாகு இல்லை என்பது என் எலும்பில் ஏறிப்போயிருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மரநாய் குடித்த பதநீர்

எங்கள் பனைகள் எங்களுடையவை அல்ல. பனங்காட்டுக்குச் சொந்தக்காரரான விளைக்காரர் ஒருவருடையவை. ஒரு பருவத்தில் கலயம் கலயமாகப் பதநீர் குறைந்தது. என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு தடவாத கலயம் கட்டி, கள்ளாக இறக்கி, இருட்டோடு விற்கிறார் என்று பேச்சு வந்தது.

அவர் கள்ளை வாயில் வைக்காத மனுஷன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் நிற்பவர். இருந்தும் பேச்சு பேச்சுதான். அடுத்த வீட்டில் நெருப்பு வாங்கப் போனால் கதவு பாதிதான் திறந்தது. என் மூத்தவளோடு விளையாட வருகிற பிள்ளைகள் வரவில்லை. கோயிலில் என் பக்கத்தில் உட்காருகிறவள் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

கடைசியில் விளைக்காரருடைய ஆளே ஒரு விடியற்காலையில் பார்த்தான். மரநாய் ஒன்று பாளைக்குப் பாளை தாவிக் கலயத்துக்குள் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் அவனையே பார்த்ததாம்.

பேச்சு நின்றது. நின்ற பேச்சை யாரும் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. “தப்பாச் சொல்லிட்டோம்” என்று ஒருத்தரும் வாசலுக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் சாகும்வரை அதைப் பற்றிப் பேசவுமில்லை, மறக்கவுமில்லை.

அன்றைக்குக் காலையில் செல்வம் அருளைப் பார்த்தானே, அந்தப் பார்வையில் எனக்கு இது முழுவதும் வந்துபோயிற்று.

சாவி என் இடுப்பில்

நான் நேராகப் போய்க் கையை நீட்டினேன்.

“செல்வம், சாவியக் கொண்டா.”

“ஆத்தா?”

“கொண்டால. அருளு, உன் முதலாளிகிட்ட சொல்லு. இன்னைலேருந்து சாவி என்கிட்ட. இனியும் பாகு கொறஞ்சா நான்தான் திருடி. என்னையும் சேத்து ஊருக்கு அனுப்பட்டும்.”

“எம்மா!”

“சொல்லுல.”

அருள் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னானா, பாதியை விழுங்கினானா தெரியாது. காலித் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலையை அசைத்தார். சாவி என் இடுப்புக்கு வந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அந்த அறையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கதவைப் பாதி சாத்திவைத்து, சாடியைப் பார்த்தபடி ஜெபம். சும்மா சொல்லக்கூடாது, இதமாக இருந்தது. வெளியே கண்ணைத் திறக்கமுடியாத வெயில். உள்ளே அப்படி ஒன்றும் தெரியவில்லை. நல்ல இடம் கிடைத்தது என்று தினமும் போனேன்.

பாகு ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் குச்சியை விட்டுப் பார்ப்பேன். முந்தின நாள் நனைந்த இடத்திலேயே இன்றும் நனையும்.

என் மருமகள் ஸ்டெல்லா பர்காவில் கிளினிக் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தவள் என் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

“அத்த, உங்களுக்கு சுகர் இருக்கு. அந்த ரூம்ல உக்காந்து ஜெபந்தான் பண்ணுதியளா, இல்ல நக்கிக்கிட்டு இருக்கியளா?”

“போடீ. நீயுமா?”

“நான் சொல்லல. நாளைக்கு அவாள் சொல்லுவாவ.”

அருளுக்குச் சிரிப்பு வரவில்லை. “எம்மா, நீ பாட்டுக்கு வாயைக் குடுத்துட்ட. இப்பவும் பாகு வரலைன்னா, அவனோட சேத்து உன்னையும்லா சொல்லுவாவ.”

சொல்லட்டும் என்றேன். வாய் சொல்லிற்று. மனதுக்குள் கொஞ்சம் புளித்தது. ஒரு பருவத்துப் பேச்சை என் வீட்டுக்காரர் தாங்கினார். எழுபத்தாறு வயதில், கடல் தாண்டி வந்து, நான் ஒன்றைத் தாங்க வேண்டுமா?

இதற்கிடையில் செல்வத்தோடு அறையில் தங்கியிருக்கிற எவனோ ஊருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டான். செல்வத்தின் பெண்டாட்டி அவனைக் கூப்பிட்டு அழுதாள். அவன் எலுமிச்சை மரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

உம் காலித்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அந்த அம்மா வந்தார். இங்கே தலைமகன் பேரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவார்கள். உம் காலித் என்றால் காலிதின் அம்மா. எங்கள் ஊரில் என்னை அருளம்மா என்பது மாதிரி. அந்த அம்மா என்னை உம் அருள் என்று கூப்பிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபி தெரியாது. ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை காப்பியும் பேரீச்சம்பழமுமாக உட்கார்ந்து, அவர் முழங்கால் வலியை அவரும் என் முழங்கால் வலியை நானும் பேசித் தீர்ப்போம்.

வந்தவர் காப்பி குடிக்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு நேராகப் பாகு அறைக்குப் போனார். நான் சாவியை எடுத்துத் திறந்தேன். காலிதும் அருளும் வாசலிலேயே நின்றார்கள். செல்வம் கொஞ்சம் தள்ளி, மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மாவை என் ஸ்டூலில் உட்காரவைத்தேன். சாடியைக் காட்டிக் கையை விரித்தேன். அவர் சாடியைப் பார்க்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். எதையோ காணோம் என்று தேடுகிற மாதிரி.

வந்த விருந்தாளியிடம் ஏதாவது பேசவேண்டுமே என்று, “உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்குல்லா?” என்றேன். கையால் விசிறிக் காட்டி, சுகமாகக் கண்ணை மூடியும் காட்டினேன்.

அவர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விரலை என் முன்னால் நீட்டினார். வேர்வை இல்லை. பிறகு என் நெற்றியைத் தொட்டார். அதிலும் இல்லை. எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். கோலை உயர்த்திக் கூரையைத் தட்டினார்.

“பாரித்,” என்றார். குளிர்ச்சி என்று அர்த்தம். “பாரித், உம் அருள்! பாரித்!”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடிற்று. அடுப்பு இல்லை என்று நான் சிரித்தேனே, அந்த அறைதான் அடுப்பு. வெயில்தான் தீ. உள்ளே போனால் கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒருதடவை சொல்லி முடிக்கும்வரைகூட நிற்கமுடியாமல் இருக்கவேண்டும். போன வருஷம் அப்படித்தான் இருந்தது. அணைந்த அடுப்புக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நல்ல இடம் என்று ஒரு வாரமாக ஜெபமாலை உருட்டியிருக்கிறேன்!

கூரை மேல்

காலித் ஏணி போட்டு ஏறினார். மேலே போய் நின்றவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏதோ கத்தினார்.

“எம்மா, கூரை பூராவும் வெள்ளையா கெடக்காம்,” என்றான் அருள்.

செல்வம் மண்வெட்டியைக் கீழே போட்டான்.

“நான்தான் ஆத்தா அடிச்சேன்.”

“என்னத்தல அடிச்ச?”

“சுண்ணாம்பு ஆத்தா. அண்ணன் லீவுல ஊருக்குப் போயிருந்தாகல்ல, அப்ப. எலுமிச்ச மரத்துக்கு அடிக்க வாங்குனதுல மிச்சம் கெடந்துச்சு. எங்க ஊருல கோடைக்கு மாடிக்கு அடிப்போம்ல, வீடு குளுந்து கெடக்கும். எங்க ரூமுக்கு அடிச்சேன். கொஞ்சம் மீந்துச்சு. மூட்டை அடுக்கப் போறவன் உள்ள வெந்து சாகுறானேன்னு இதுக்கும் ரெண்டு கோட்டு இழுத்துவிட்டேன்.”

யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், நல்லது என்று நினைத்துச் செய்திருக்கிறான். எங்கள் பனங்காட்டில் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால்தான் இனிப்பு நிற்கும். இங்கே அதே சுண்ணாம்பு கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இனிப்பை வரவிடாமல் பண்ணியிருக்கிறது.

அருள் அரபியில் சொல்லச் சொல்ல, உம் காலித் மறுபடி சிரித்தார். காலித் சிரிக்கவில்லை. ஏணியில் பாதியில் நின்றுகொண்டிருந்தார். ஏறுவதா இறங்குவதா என்று தெரியாதவர் மாதிரி. அவர் அம்மா கோலால் ஏணியைத் தட்டி ஏதோ சொன்னார். அருள் எனக்கு மெதுவாகச் சொன்னான்: “மேலேயே இரு, வேலை இருக்குன்னு சொல்லுதாவ.”

காய்கறிப் பாத்திக்கு விரிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஸ்டோரில் இருந்தது. செல்வம் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான். காலித் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தார். இரண்டு பேரும் இழுத்து விரித்தார்கள். பறக்காமல் இருக்க ஓரத்தில் கல் வைத்தார்கள். “யல்லா, யல்லா,” என்று கீழேயிருந்து அந்த அம்மா விரட்டிக்கொண்டே இருந்தார்.

சொட்டும் சத்தம்

அடுத்த நாள் மத்தியானம் ஜெபமாலையோடு போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. ஸ்டூலை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பூட்டிய கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டது. சொட்டுச் சொட்டாக, சாடிக்குள். நான் செல்வத்தைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கதவில் காதை வைத்து நின்றோம். அவன் கண் கலங்கிற்று. நான் பார்க்காத மாதிரி கோழியை விரட்டப் போனேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலிதும் அவர் அம்மாவும் வந்தார்கள். காலித் சாடியிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டார். ரொட்டியைப் பிய்த்துப் பாகில் தோய்த்தார். இங்கே முதல் வாய் வீட்டுப் பெரியவர்களுக்கு. அவர் அம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா வாங்கவில்லை. மோவாயால் செல்வத்தைக் காட்டினார்.

காலித் செல்வத்திடம் போய், “செல்வம் பாய்,” என்றார். ரொட்டியை நீட்டியபடி நின்றார். பாகு அவர் மணிக்கட்டில் வழிந்தது.

செல்வம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

நான் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நான் லீவுல போய்ட்டு வந்து வாங்கிக்கிறேன் ஆத்தா. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

எங்கள் தேரிக்காட்டில் வாசலுக்கு வராத வார்த்தைக்கு ஈடாக, இங்கே ஒருவர் ரொட்டியோடு வந்து நின்றார். என் வீட்டுக்காரர் இருந்து பார்த்திருக்கலாம்.

டீக்கடை

செல்வம் இப்போது ஊரில் இருக்கிறான். மகளுக்குக் காது குத்தியாயிற்று. ஒரு பாட்டில் பாகும் கொண்டுபோனான். போன வாரம் போன் பண்ணினான். குரல் சரியில்லை.

“ஆத்தா, இங்க டீக்கடையில கேக்குறாக. அங்க எதையோ எடுத்து மாட்டிக்கிட்டியாமே, கொண்டுவந்த பாட்டிலு அதுலதானான்னு. சுண்ணாம்பு அடிச்சதால பாகு வடியலைன்னு சொன்னா, விழுந்து விழுந்து சிரிக்கிறாக. எவன் நம்புறான்?”

“நான் என்னல செய்ய?”

“நீங்க சொல்லிச் சொல்லி பத்திரிகையில வருதுல்ல? அந்தக் கடையில அதை வாங்குறாக. இதைச் சொல்லுங்க ஆத்தா.”

“பேரை மாத்திப் போடச் சொல்லட்டா?”

“மாத்துனா என்னத்துக்கு ஆகும்? எம் பேரையே போடுங்க.”

அதனால்தான் இந்த வாரம் மூட்டை அடுக்குவதிலிருந்து கூரைவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். புதுக்கோட்டைப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களே, செல்வம் ஒரு சொட்டுப் பாகு எடுக்கவில்லை. அவன் கொண்டுவந்த பாட்டில், அவன் முதலாளியின் அம்மா தன் கையால் மூடி திருகிக் கொடுத்தது. நம்பாதவர்கள் கோடையில் உங்கள் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து பாருங்கள். நான் ஒரு வாரம் உட்கார்ந்தவள், எனக்குத் தெரியும். அறைச் சாவி இதைச் சொல்லும்போதும் என் இடுப்பில்தான் இருக்கிறது. அவன் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும்.

நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், எழுத வராது. நான் சொல்வதை எழுதுவது என் பேத்தி பெனிட்டா. இங்கேயே பிறந்தவள். ரூவியில் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போய்ப் படித்தவள்.

“எழுதிட்டியா மக்கா?”

“எழுதிட்டேன் ஆச்சி. கை வலிக்கு.”

“அவன் பேரு வருத எடத்துலயெல்லாம் செல்வம்னே போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“அப்போ மொதல்லேருந்து வாசி. மெதுவா இல்ல, டீக்கடையில ஒருத்தன் வாசிச்சா மத்தவனுக்கெல்லாம் கேக்குமே, அந்தமாதி சத்தமா வாசி.”